752 நிறப் பட்டியலில் மஞ்சளைக் காணோம் (டிகின்டர், ஸ்க்ரோல் ஜன்னல்)

உல்லன்கடைத்_தம்பி
திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் என் சித்தி உல்லன் நூல் கடை வைத்திருக்கிறார். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் வந்து "போன மாசம் வாங்கினேனே, அந்தப் பச்சைக்குக் கொஞ்சம் வெளுத்த பச்சை வேணும்" என்று கேட்பார்கள், சித்தி ஸ்டூல் போட்டு ஏறி நாலு பையை இறக்கிப் பிரித்துப் போடுவார், கடைசியில் வந்தவர் "இது இல்லீங்க" என்று போய்விடுவார். அதனால் பைத்தானில், அதோடு வருகிற டிகின்டர் என்ற ஜன்னல் செய்கிற கருவியை வைத்து, சின்னதாக ஒரு ஜன்னல் செய்து, நிறங்களை வரிசையாகக் காட்டி, தொட்டால் எந்த அலமாரி எந்தத் தட்டு என்று சொல்கிற மாதிரி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நூலின் நிறங்களைப் போட்டோ எடுத்துப் போடுவது அப்புறம், முதலில் ஜன்னல் ஒழுங்காக வருகிறதா பார்க்கலாம் என்று லினக்ஸில் இருக்கிற பழைய எக்ஸ்11 நிறப் பட்டியலை எடுத்துக்கொண்டேன், 752 பெயர்.

கேன்வாஸ் (வரைகிற பரப்பு), அதற்குள் ஒரு ஃபிரேம் (பெட்டி), ஃபிரேமுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன ஃபிரேம், அதில் மூன்று லேபிள்: நிறக்கட்டம், பெயர், அதன் சிவப்பு, பச்சை, நீல எண்கள். ஒரு வரிசை 45 பிக்சல் உயரம், ஏனென்றால் சித்தி கண்ணாடி போடாமல் படிக்கவேண்டும் என்கிறார். திறக்க அரை நிமிடம் ஆகிறது. இழுத்தால் கோத்தகிரி பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி விக்கி விக்கிப் போகிறது. அதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் சித்தி பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி "மஞ்சள் எங்கடா?" என்பதுதான். நிஜமாகவே இல்லை. லைட் எல்லோ இருக்கிறது, கிரீன் எல்லோ இருக்கிறது, வெறும் எல்லோ இல்லை. அகர வரிசையில் டர்க்காய்ஸ்2 வரை வந்துவிட்டு அதற்குக் கீழே வெறும் சாம்பல் வெளி. ஸ்க்ரோல் பார் மட்டும் இன்னும் கீழே போகிறது. வெள்ளையும் இல்லை.

இன்னொன்று, மவுஸ் சக்கரம் சில இடத்தில்தான் வேலை செய்கிறது. வரிசைக்கு நடுவே இருக்கிற சந்தில் சுட்டியை வைத்தால் ஓடுகிறது, நிறத்தின் மேல் வைத்தால் நின்றுவிடுகிறது. யாராவது கை கொடுங்கள்.


பர்லியார்_பலா
திங்கள், இரவு 9.31

இது பழைய கதைதான் தம்பி. உள் ஃபிரேம் முழுசாக வளர்வதற்கு முன்னாலேயே ஸ்க்ரோல் ரீஜியனை (எதுவரை இழுக்கலாம் என்ற எல்லையை) கணக்குப் போட்டிருப்பாய். அளவு மாறினால் வருகிற கான்ஃபிகர் நிகழ்வில் கட்டி, ஒவ்வொரு முறையும் பிபாக்ஸ் ஆல் (உள்ளே இருப்பது எல்லாம் சேர்ந்து பிடிக்கிற அளவு) எடுத்து மறுபடி கொடு. எனக்கும் எஸ்டேட் ஆபீஸ் இலை எடை பட்டியல் செய்தபோது இதே வியாதி, ஒரு வரியில் போய்விட்டது.


உல்லன்கடைத்_தம்பி
திங்கள், இரவு 9.50

செய்து பார்த்தேன் அண்ணா, மாற்றமே இல்லை. பிபாக்ஸ் சொல்கிற உயரம் 33840, அது சரிதானே, 752 பெருக்கல் 45. அதனால்தான் பார் கீழே வரை போகிறது. போன இடத்தில் சரக்குதான் இல்லை.


கேத்தி_கேன்வாஸ்
திங்கள், இரவு 10.05

நீயே விடையை எழுதிவிட்டாய், தம்பி. 33840. இப்போது 32767ஐ 45ஆல் வகுத்துப் பார். 728 முழு வரிசை, மிச்சம் ஏழு பிக்சல். 752இல் 728 போனால் 24. உன் பட்டியலில் கடைசி 24 பெயரை எண்ணு: டர்க்காய்ஸ்3, டர்க்காய்ஸ்4, வயலெட், வயலெட் ரெட் கூட்டம் ஆறு, வீட் ஐந்து, ஒயிட்டும் ஒயிட் ஸ்மோக்கும் மூன்று, எல்லோ வகையறா ஏழு. கூட்டினால் 24. டர்க்காய்ஸ்2 வரை வருகிறது என்றாயே, அச்சாக அதே இடம்.

லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற எக்ஸ் விண்டோவின் அடிப்படைப் பேச்சுமொழியில் ஒரு ஜன்னல் எங்கே நிற்கிறது என்பது 16 பிட் எண், கூட்டல் கழித்தல் குறியோடு. அதிகபட்சம் 32767. டிகின்டருக்கு அடியில் இருக்கிற டிகே அந்த உலகத்தில் பிறந்தது, விண்டோஸுக்கு வந்தும் அந்த எல்லையைக் கூடவே எடுத்து வந்துவிட்டது. உன் உள் ஃபிரேம் ஒரு ஜன்னல். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு லேபிளும் ஒரு ஜன்னல். 32767க்குக் கீழே நிற்கவேண்டியவை நிற்க இடமில்லாமல் போய்விட்டன. கேன்வாஸுக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு 33840 என்று பாரை நீட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் வரிசை உயரத்தை 43 ஆக்கிப் பார்.


உல்லன்கடைத்_தம்பி
திங்கள், இரவு 10.14

அக்கா!! வந்துவிட்டது. எல்லோ, எல்லோ1, 2, 3, 4, எல்லோ கிரீன் எல்லாம் வந்துவிட்டது. 32336. ரெண்டு பிக்சலுக்காக ரெண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.


கேத்தி_கேன்வாஸ்
திங்கள், இரவு 10.20

சந்தோஷப்படாதே, இது ஒட்டுப்போட்ட குடை. நாளைக்கு சித்தி எழுத்து இன்னும் பெரிசாக வேணும் என்பார், இல்லை நீ தமிழ்ப் பெயருக்கு இன்னொரு வரி சேர்ப்பாய், மறுபடி மஞ்சள் போய்விடும். அரை நிமிடம் திறப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். 752 வரிசை, வரிசைக்கு ஒரு ஃபிரேம் மூன்று லேபிள், மொத்தம் 3008 ஜன்னல். விண்டோஸ் ஒரு புரோகிராமுக்கு இயல்பாக விடுவதே 10,000 கைப்பிடிதான், ஜன்னலுக்கு ஒன்று போகும். நீ ஒரு நிறப் பட்டியலுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறாய்.

சுவரில் 3008 ஜன்னல் வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டு தொங்கவிட்டிருக்கிறாய். சுவரிலேயே பெயின்ட் அடித்தால் போதும். லேபிள் எல்லாவற்றையும் தூக்கி எறி. கேன்வாஸிலேயே செவ்வகம் வரை, பக்கத்தில் பெயரை எழுத்தாக வை. அவை கேன்வாஸுக்குள் வெறும் உருப்படிகள், ஜன்னல் இல்லை, 32767 அவற்றைத் தொடாது. ஏனென்றால் கேன்வாஸ் தன் கணக்கைத் தசம எண்ணில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற துண்டை மட்டும் திரைக்கு மாற்றி வரைகிறது.


கொடநாடு_காற்று
திங்கள், இரவு 11.02

அக்கா சொல்வது சரி, ஆனால் அதுவும் அரைகுறைதான். 752 நிறத்தையும் ஏன் வரையவேண்டும்? திரையில் ஒரு நேரத்தில் 14 வரிசை தெரியும். 15 வரிசை மட்டும் செய்துகொண்டு, ஸ்க்ரோல் ஆகும்போது அதே 15க்கும் நிறத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டே இரு. பத்து லட்சம் நிறம் வந்தாலும் அசையாது.


கேத்தி_கேன்வாஸ்
திங்கள், இரவு 11.10

பத்து லட்சம் நிறத்தில் உல்லன் விற்கிற கடையை எனக்குக் காட்டுங்கள், நானே வந்து வேலைக்குச் சேருகிறேன். 752 செவ்வகமும் 1504 எழுத்தும் கேன்வாஸுக்குக் கொசுறு. ஸ்க்ரோல் பாரை நீங்களே கையால் ஓட்டுகிற தொல்லை எதற்கு?


கொடநாடு_காற்று
திங்கள், இரவு 11.13

கொள்கைக்காகச் சொன்னேன்.


கூடலூர்_மழை
செவ்வாய், காலை 7.40

இங்கே நேற்று முழுக்க கரண்ட் இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன். ட்ரீவியூ (டிகின்டரின் அட்டவணை) போட்டால் என்ன? பெயர், எண், அலமாரி என்று தனித்தனிப் பத்தி கிடைக்கும், ஸ்க்ரோல் அதுவாகவே வரும், தலைப்பைத் தட்டினால் வரிசை மாற்றுவதும் சுலபம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டேக் (அடையாளக் குறி), டேகுக்குப் பின்னணி நிறம், முடிந்தது. டெக்ஸ்ட் விட்ஜெட்டிலும் இதே மாதிரி செய்யலாம்.


கேத்தி_கேன்வாஸ்
செவ்வாய், காலை 8.15

ட்ரீவியூ நல்ல யோசனைதான், ஒரு எச்சரிக்கையோடு. டிகே 8.6.9இல் டேகின் பின்னணி நிறம் வேலை செய்யாது. நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள், பட்டியல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். 8.6.10இல் திருத்திவிட்டார்கள். பைத்தான் 3.7இன் பிந்தைய பதிப்புகளைப் போட்டவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். தம்பி, கடை லேப்டாப்பில் எந்தப் பதிப்பு?


உல்லன்கடைத்_தம்பி
செவ்வாய், காலை 10.30

அது இன்னொரு கூத்து அக்கா. கடை லேப்டாப்பில் யாரோ எப்போதோ போட்ட பைத்தான் 2.7. வீட்டில் 3. அதைக் கேட்கத்தான் இருந்தேன்: ஒரே பட்டியல், ஒரே பெயர், ஆனால் வீட்டில் "கிரீன்" தேயிலைச் செடி மாதிரிக் கரும்பச்சை, கடையில் "கிரீன்" பிளாஸ்டிக் கிளி மாதிரிக் கண்ணைக் குத்துகிறது. திரையின் கோளாறு என்று நினைத்து ப்ரைட்னஸை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கிரேயும் அப்படித்தான், கடையில் வெளுப்பு, வீட்டில் அடர்த்தி. மற்ற நிறங்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன.


கேத்தி_கேன்வாஸ்
செவ்வாய், மதியம் 1.20

திரை பாவம், அதை விடு. 2.7 விண்டோஸ் பதிப்போடு வருவது டிகே 8.5. வீட்டில் இருப்பது 8.6. நடுவில் நாலு பெயருக்குப் பொருளே மாறிவிட்டது.

எக்ஸ்11 பட்டியலில் கிரீன் என்றால் 0, 255, 0. வலைப்பக்கக்காரர்கள் வைத்த கிரீன் 0, 128, 0. மெரூன் எக்ஸ்11இல் 176, 48, 96, கிட்டத்தட்ட பீட்ரூட் பொரியல். வலையில் 128, 0, 0. பர்ப்பிள் 160, 32, 240க்கு எதிரே 128, 0, 128. கிரே 190க்கு எதிரே 128. டிகே 8.5 வரை எக்ஸ்11 பக்கம் நின்றது, 8.6இல் வலையின் பக்கம் சாய்ந்தது. கூடவே கிரிம்சன், இண்டிகோ, டீல், ஆலிவ் மாதிரிச் சில புதுப் பெயர்களையும் சேர்த்தார்கள், 8.5இல் அவற்றைக் கொடுத்தால் இப்படி ஒரு நிறமே தெரியாது என்று பிழை அடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. டார்க் கிரே என்பது 169. கிரே 190ஆக இருந்த வரை டார்க் கிரே அதைவிட அடர்த்தி, பெயர் பொருந்தியது. கிரே 128 ஆனதும் டார்க் கிரே அதைவிட வெளுப்பு. வலைப்பக்கங்களில் இன்றும் இந்த முரண் அப்படியே இருக்கிறது.

ஆகவே பெயரை நம்பாதே, எண்ணைக் கொடு. பட்டியல் கோப்பிலேயே மூன்று எண்ணும் இருக்கிறது, அதை வைத்து நிறம் தீட்டு, பெயரை எழுத்தாக மட்டும் காட்டு. அப்புறம் 2.7ஐ எடுத்துவிட்டுப் புதிது போடு, அதற்கு ஆதரவு முடிந்ததே 2020 ஜனவரியில்.


பர்லியார்_பலா
செவ்வாய், மதியம் 1.45

இந்தப் பெயரெல்லாம் எவன் வைத்தான் என்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன். பப்பாளி தெரியும், பப்பாயாவிப் என்றால் என்ன? நான் பழப்பண்ணைப் பக்கத்துக்காரன், எந்தப் பப்பாளியை அறுத்தாலும் அந்த நிறம் வந்ததில்லை.


கேத்தி_கேன்வாஸ்
செவ்வாய், மாலை 6.10

பெயின்ட் டப்பாவும் மெழுகுக் குச்சியும். எக்ஸ்11இன் முதல் வெளியீடு 1987. அப்போது பட்டியல் சின்னது. 1989இல் வந்த நான்காம் வெளியீட்டில்தான் இப்போது பார்க்கிற பெருங்கூட்டம் சேர்ந்தது. பால் ரேவ்லிங் என்பவர் சின்க்ளேர் என்ற பெயின்ட் கம்பெனியின் நிறங்களை வைத்துத் தன் மானிட்டரில் எப்படித் தெரிகிறதோ அப்படி எண் போட்டார், வெள்ளைக்குப் பக்கத்து நிறங்களான பப்பாயாவிப் மாதிரிச் சங்கதிகள் அந்த வழி. ஜான் தாமஸ் என்பவர் 72 குச்சி க்ரேயோலா டப்பாவைப் பார்த்து எடுத்த பெயர்கள் இன்னொரு வழி, ஆர்க்கிட், அக்வாமரீன் எல்லாம். அமெரிக்கச் சுவர், அமெரிக்கக் குழந்தையின் படப்புத்தகம். அதைத்தான் உலகம் முழுக்க வலைப்பக்கங்கள் தத்து எடுத்துக்கொண்டன.

பிறகு சேர்ந்ததில் ஒன்றுக்கு மட்டும் வேறு கதை. ரெபெக்கா பர்ப்பிள், 102, 51, 153. வலை வடிவமைப்பில் பெயர்பெற்ற எரிக் மேயரின் மகள் 2014 ஜூனில் தன் ஆறாவது பிறந்தநாளன்று இறந்துபோனாள், அவள் நினைவாக அந்த ஆண்டே சேர்த்தார்கள். உன் பழைய கோப்பில் இது இருக்காது.


உல்லன்கடைத்_தம்பி
செவ்வாய், இரவு 9.40

இதைப் படித்துவிட்டு சித்தியிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த நிறம் எப்படி இருக்கும் என்று கேட்டார், காட்டினேன், "கத்தரிப்பூவில் கொஞ்சம் நீலம்" என்றார்.

சரி, வேலை நிலவரம். லேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கேன்வாஸில் நேராக வரைந்தேன். அதே கடை லேப்டாப்பில் ஒரு நொடி கூட ஆகவில்லை. மவுஸ் சக்கரம் தானாகவே சரியாகிவிட்டது, எப்படி என்று புரியவில்லை. வரிசை உயரம் 60 ஆக்கினேன், 45120 வரை போகிறது, மஞ்சள் வருகிறது.

ஆனால் புதிதாக ஒன்று: நிறத்தைத் தொட்டால் பெயர் காட்டவேண்டும். மேலே இருக்கிற வரை சரியாகக் காட்டுகிறது. கீழே இழுத்துவிட்டு எதைத் தொட்டாலும் ஆலிஸ் ப்ளூ, ஆன்டிக் ஒயிட், அக்வாமரீன் என்று முதல் பக்கத்துப் பெயர்களையே சொல்கிறது. சித்தி சிவப்பைத் தொட்டார், ஆன்டிக் ஒயிட் என்றது, "இதுக்கு என்னைவிடக் கண் மோசம்" என்று போய்விட்டார்.


கொடநாடு_காற்று
செவ்வாய், இரவு 9.58

நிகழ்வு கொடுக்கிற ஒய் என்பது ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து, பட்டியலின் மேலிருந்து இல்லை. கேன்வாஸ்ஒய் என்ற ஃபங்ஷனில் போட்டு எடுத்து, அதை 60ஆல் வகுத்தால் முழு எண் வரிசை எண். ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

சக்கரம் சரியானதற்குக் காரணம், முன்பு லேபிள்கள் அந்த நிகழ்வை வாங்கித் தாங்களே விழுங்கிக்கொண்டிருந்தன. சுட்டி எந்த விட்ஜெட் (ஜன்னலின் உறுப்பு) மேல் இருக்கிறதோ அதற்குத்தான் சக்கரத்தின் செய்தி போகும். இப்போது கேன்வாஸைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆனால் ஒன்று கவனி, விண்டோஸில் ஒரு கிளிக்குக்கு டெல்டா (சக்கரம் நகர்ந்த அளவு) 120. மேக்கில் டிகே 8.6 வரை 1. லினக்ஸில் 8.6 வரை சக்கரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, நான்காம் பொத்தான் ஐந்தாம் பொத்தான் அழுத்தியதாக வரும். மூன்றுக்கும் எழுதி வை.


கேத்தி_கேன்வாஸ்
செவ்வாய், இரவு 10.15

ஒய்ஸ்க்ரோல் இன்கிரிமென்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதற்கு 60 கொடு. ஒரு கிளிக்குக்கு ஒரு முழு வரிசை நகரும், பாதி அறுபட்ட நிறம் மேலே தொங்காது. கொடுக்காவிட்டால் ஜன்னல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு நகரும், கண்ணுக்கு எரிச்சல்.

இடம் மிச்சப்படுத்தப் பெயரை நிறத்தின் மேலேயே எழுதப் பார். கறுப்பா வெள்ளையா என்று ஒரே கணக்கு: சிவப்பு எண்ணை 0.299ஆல், பச்சையை 0.587ஆல், நீலத்தை 0.114ஆல் பெருக்கிக் கூட்டு. 150க்கு மேல் போனால் கறுப்பு எழுத்து, இல்லாவிட்டால் வெள்ளை. மஞ்சளுக்கு 226 வரும், நீலத்துக்கு 29. நம் கண் பச்சைக்குத்தான் கூட மரியாதை கொடுக்கிறது. எண்களை டிகேயிடமே வின்ஃபோ ஆர்ஜிபி என்ற கட்டளை மூலம் கேட்டால் அது 65535 வரை கொடுக்கும், 257ஆல் வகுக்கவேண்டும், 256 இல்லை.


இருட்டறை_60
புதன், காலை 6.05

தம்பிக்கு வணக்கம். புரோகிராம் எனக்குத் தெரியாது, என் பையன் இந்த இழையைக் காட்டினான். நான் ஊட்டி இந்து ஃபிலிம்ஸில் இருந்தவன், அது 1960இல் தொடங்கிய மத்திய அரசு ஆலை. வேலையெல்லாம் இருட்டில். சில சரக்குக்குச் சிவப்பு விளக்கு எரியலாம், எல்லா நிறத்துக்கும் கூர்மையான ஃபிலிமுக்கு அதுவும் கூடாது, கைத்தடம்தான் கண். அதனால் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ரெண்டு வார்த்தை.

உங்கள் சித்தி நூலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் காட்டுவார் இல்லையா, எல்லா உல்லன் கடையிலும் அப்படித்தான். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற ரெண்டு பச்சை, வெளியே வந்தால் ஒன்று மஞ்சளிக்கும் ஒன்று நீலம் பாயும். சாயம் வேறு வேறு என்பதால் வருவது அது. திரையில் எத்தனை துல்லியமாக எண் போட்டாலும் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது, மூன்று விளக்கின் கலவைதானே அது. ஜூலையில் மூடுபனி இறங்கும்போது ஒரு வெளிச்சம், ஜனவரி உறைபனி வெயிலில் வேறு வெளிச்சம், நம் ஊரில் வாசலே நிலையாக இருப்பதில்லை.

இன்னொன்று, நிறங்களை வெள்ளைப் பின்னணியில் ஒன்றை ஒன்று ஒட்டி வைக்காதீர்கள். சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சாம்பல் பச்சையாகத் தெரியும். நடுத்தரச் சாம்பலைப் பின்னணியாக வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே நாலு பிக்சல் விடுங்கள்.

லாட் நம்பரையும் மறக்கவேண்டாம். ஒரே ஷேடு எண்ணாக இருந்தாலும் சாயத் தொட்டி மாறினால் நிறம் மாறும். ஃபிலிம் டப்பாவிலும் அதற்காகத்தான் பேட்ச் எண் அடிப்போம்.


உல்லன்கடைத்_தம்பி
புதன், காலை 9.20

ஐயா, ரொம்ப நன்றி. லாட் நம்பர் பற்றி சித்தி மூன்று தடவை சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கை பின்னி முடித்துவிட்டு இன்னொரு கைக்கு நூல் வாங்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். ஒவ்வொரு வரிசையிலும் அதற்கு இடம் விட்டுவிட்டேன். சாம்பல் பின்னணியும் போட்டாகிவிட்டது, நிறங்கள் நிஜமாகவே அமைதியாகத் தெரிகின்றன.


கூடலூர்_மழை
புதன், காலை 11.00

தோடர் பூத்தையலுக்கு இந்தத் தொல்லையே இல்லை பாருங்கள். வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். 752ஐ மூன்றில் முடித்துவிட்டார்கள், 2013இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள்.

அது இருக்கட்டும். இந்தப் பட்டியலில் பாதி ஒரே நிறம்தானே? கிரே ஒருமுறை, எழுத்து மாற்றி இன்னொரு கிரே, பூஜ்யத்திலிருந்து நூறு வரை ரெண்டுக்கும். 200க்கு மேல் சாம்பல் மட்டும்.


பர்லியார்_பலா
புதன், காலை 11.08

ஊட்டிக்கு அது போதாது.


கேத்தி_கேன்வாஸ்
புதன், மதியம் 12.30

மூன்று எண்ணையும் சேர்த்துச் சாவியாக வைத்து ஒரு டிக்ஷனரியில் போடு, ஒரே நிறத்துக்கு எத்தனை பெயர் இருந்தாலும் ஒரே வரிசையில் விழும். அகர வரிசை நிறத்துக்கு ஒத்துவராது, அதையும் மாற்று. பைத்தானோடு வருகிற கலர்சிஸ் மாட்யூலில் எச்எஸ்வி (நிறம், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று எண்) ஆக்கி அதன்படி அடுக்கினால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வானவில் மாதிரி ஓடும். சாம்பல்களை மட்டும் தனியே பிரித்துக்கொள், இல்லாவிட்டால் எல்லாம் சிவப்போடு போய் உட்காரும், நிறமே இல்லாததற்கு அந்தக் கணக்கு பூஜ்யம் கொடுக்கும், சிவப்புக்கும் பூஜ்யம்தான்.


உல்லன்கடைத்_தம்பி
வியாழன், இரவு 8.45

கடைசி நிலவரம். 752ஐ வைத்தது சோதனைக்குத்தானே, அதைத் தூக்கிவிட்டுக் கடையில் நிஜமாக இருக்கிற நிறங்களைப் போட்டேன். இன்று மதியம் மழை, ஆளே வரவில்லை, சித்தியை உட்கார வைத்து ஒவ்வொரு நூல்கண்டாக எடுத்து நிறத்தைச் சரிபார்த்து, அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதையே எழுதினேன். பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, மிட்டாய் ரோஸ், அரக்கு, எலிக் கலர், ஆனந்தா நீலம், காப்பிக்கொட்டை. ஒன்றுக்கு வெங்காயச் சருகு என்றார். எனக்கு அது பழுப்பாகத் தெரிந்தது, இல்லை என்று சமையலறையிலிருந்து சின்ன வெங்காயத்தை எடுத்து வந்து உரித்து நூலின் பக்கத்தில் வைத்தார், அப்படியே அச்சு. இளஞ்சிவப்பு மேலே, பழுப்பு அடியில். எக்ஸ்11 பட்டியலில் பக்கத்தில் வருவது ரோஸி பிரவுன்3, ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் கடைக்கு வருகிற ஒரு அம்மாவுக்கும் புரியாது.

கேத்தி அக்கா சொன்ன வானவில் வரிசையைக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார், வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். "அலமாரியில எப்படி இருக்கோ அப்படி அடுக்கு, கை போற வரிசைதான் எனக்குக் கண்ணு" என்கிறார். அதனால் அலமாரி வரிசையிலேயே வைத்துவிட்டேன். வாசலுக்குப் பக்கத்துத் தட்டில் மஞ்சள், அதனால் பட்டியலிலும் அதுதான் முதல்.


பர்லியார்_பலா
வியாழன், இரவு 9.02

காணாமல் போன மஞ்சள் தலைமேல் ஏறிவிட்டது. வெள்ளை?


உல்லன்கடைத்_தம்பி
வியாழன், இரவு 9.06

தூசி படக்கூடாது என்று சித்தி வெள்ளையைக் கல்லாவுக்குப் பின்னால் பாலித்தீன் சுற்றி வைத்திருக்கிறார், அதனால் அது கடைசி வரிசை. அடி வரை இழுத்துப் பார்த்துவிட்டேன், வருகிறது.